கல்லீரல் நுண்துளை அறுவையில் நேரடிப் படக்காட்சியை வழிகாட்டியாகக் கொள்ளும் முறை

வயிற்றைத் திறந்து செய்யும் கல்லீரல் அறுவையில், கருவி எதையும் எடுப்பதற்கு முன்பே அறுவை மருத்துவரின் விரல்கள் பாதி வேலையை முடித்துவிடும். கல்லீரலின் மேலும் கீழும் கைகளை வைத்து மெல்ல அழுத்தினால், உள்ளே இருக்கும் கட்டி விரல்நுனியில் தட்டுப்படும். அதன் ஓரம் எங்கே முடிகிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதும் ஏறக்குறையப் புலப்படும். லேப்பராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவையில் அந்தத் தொடு உணர்வு நமக்கு இல்லை. திரையில் தெரிவதெல்லாம் வழுவழுப்பான செம்பழுப்பு மேற்பரப்பு மட்டுமே. அதன்மேல் எந்தக் கூறு (தனக்கென ரத்தக்குழாய்க் கிளை கொண்ட பகுதி) எங்கே முடிகிறது என்று காட்டும் கோடு கிடையாது. விரற்கடை ஆழத்தில் ஒரு பெரிய சிரை ஓடினாலும் மேலே அதற்கு அடையாளம் இராது. அறுவையின்போதே எடுக்கப்படும் நேரடிப் படங்கள்தாம் இழந்த அந்தக் கையின் இடத்தை நிரப்புகின்றன.

இக்கட்டுரை, கல்லீரல் நுண்துளை அறுவையைக் கற்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களையும், அவர்களோடு அறையில் நிற்கும் மயக்கவியல் மருத்துவர்கள், செவிலியர்கள், தொழில்நுட்பர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகக் கத்தியை எடுத்துவிட முடியாது; அனுபவமுள்ள ஒருவரின் அருகில் நின்று பழகும்போது எதைக் கவனிக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே இது சொல்லும். முதன்மையாக இரண்டு கருவிகளைப் பற்றிப் பேசுவேன். ஒன்று, லேப்பராஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். இது ஒலியால் ஆழத்தைக் காட்டுவது. மற்றொன்று, இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தின் ஒளிர்வு. இது மேற்பரப்பையும் அதையொட்டிய சில மில்லிமீட்டர் ஆழத்தையும் காட்டுவது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் இரண்டையும் சேர்த்தே பழகுவது நல்லது.

முன்னர் எடுத்த ஸ்கேன் ஏன் போதாது

அறுவைக்கு முன் எடுக்கப்படும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் மிகத் தெளிவானவை. அவை இல்லாமல் திட்டமே போட முடியாது. ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டபோது நோயாளி மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்லீரல் தன் இயல்பான இடத்தில், உதரவிதானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறுவை அறையிலோ வயிற்றுக்குள் 10 முதல் 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பியிருக்கிறது, மேசை சாய்க்கப்பட்டிருக்கிறது, தசைநார்கள் வெட்டப்பட்டு, வலது மடல் இடப்பக்கம் புரட்டப்பட்டிருக்கிறது. மென்மையான உறுப்பான கல்லீரல் இவை அனைத்துக்கும் ஏற்ப நெளிந்து கொடுக்கிறது. சி.டி.யில் கட்டிக்கு நேர் மேலே இருந்த மேற்பரப்புப் புள்ளி இப்போது வேறோர் இடத்துக்கு நகர்ந்திருக்கும். அறுக்கத் தொடங்கிய பிறகு இந்த நகர்வு இன்னும் கூடும். ஆகவே, தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும் என்று எண்ணுவதே இத்துறையில் நான் காணும் பெரும் பிழை. அறுக்கும் நேரம் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழிகாட்டுதல் என்ற சொல்லுக்குப் பொருள்.

முந்தைய நாள் வேலை

கதிரியக்க மருத்துவரின் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு அறைக்குள் போக வேண்டாம். படங்களை நீங்களே உட்கார்ந்து ஒவ்வோர் அடுக்காகப் பாருங்கள். பிரெஞ்சு மருத்துவர் குயினோ 1957-இல் வகுத்த எட்டுக் கூறுகளின்படி ஒவ்வொரு கட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்தக் கூறில் இருக்கிறது, அதற்கு மிக அருகில் இருக்கும் கல்லீரல் சிரை (ரத்தத்தை வெளியே கொண்டுபோவது) எது, வாயிற்சிரைக் (குடலிலிருந்து ரத்தத்தை உள்ளே கொண்டுவருவது) கிளை எது, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே கையால் ஒரு படமும் வரையுங்கள். முப்பரிமாண மென்பொருள் இருந்தாலும் இதைச் செய்யுமாறு வற்புறுத்துவேன். கை வரைந்ததைத்தான் மறுநாள் அல்ட்ராசவுண்ட் திரையில் மனம் தேடும்.

ரத்தக்குழாய்களின் அமைப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வலது கீழ்க் கல்லீரல் சிரை என்று தனியாக ஒன்று சிலருக்கு இருக்கும். வலது வாயிற்சிரையின் முன்கிளையும் பின்கிளையும் பொதுத் தண்டின்றித் தனித்தனியே கிளம்புவதும் உண்டு. இவற்றை முன்பே கண்டு குறித்து வைத்தால், அல்ட்ராசவுண்டில் எதிர்பாராத ஒரு குழாய் தோன்றும்போது குழப்பம் வராது. நோயாளிக்கு வேதிச்சிகிச்சை தரப்பட்டிருந்தால், சிகிச்சைக்கு முந்தைய படங்களையும் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனிலிருந்து மறைந்துவிட்ட கட்டி கல்லீரலிலிருந்தும் மறைந்துவிட்டது என்று பொருளில்லை. அது இருந்த இடத்தை அல்ட்ராசவுண்டால் தேடவேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

சாயத்தை எப்போது கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் நோக்கத்துக்கு ஏற்ப நேரம் முற்றிலும் மாறுகிறது. கட்டியையே ஒளிரவைப்பது நோக்கமானால், உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. என்ற வழக்கமான அளவைச் சில நாள்களுக்கு முன்பே சிரைவழி செலுத்துவார்கள். கூறுகளின் எல்லையைக் காண்பது நோக்கமானால், அறுவையின்போது மிகச் சிறிய அளவே போதும். முந்தைய நாள் கொடுத்த சாயம் கல்லீரல் முழுவதையும் இன்னும் ஒளிரவைத்துக்கொண்டிருந்தால், மறுநாள் எல்லைக் கோட்டைப் பார்க்க வழியிருக்காது. இரண்டும் தேவைப்படும் நோயாளிக்கு முதல் ஊசியைப் போதிய நாள்கள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவர்களிடம் சாயம் வெளியேறுவது தாமதமாவதால் இன்னும் அதிக இடைவெளி வேண்டும். இந்தச் சாயத்தில் சோடியம் அயோடைடு கலந்திருக்கும். அயோடைடு ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது. பொடியை அதனுடன் வரும் தூய நீரில்தான் கரைக்க வேண்டும். உப்புநீரில் கரைத்தால் படிவு உண்டாகலாம். கரைத்தபின் 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

அறையை ஒழுங்கு செய்தல்

அல்ட்ராசவுண்ட் திரை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். கேமராத் திரையும் அல்ட்ராசவுண்ட் திரையும் பார்வையின் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரே திரையின் மூலையில் மற்றொரு படத்தைச் செருகிக் காட்டும் வசதி இருந்தால் அதுவே சிறந்தது. நுனி நான்கு திசைகளிலும் வளையக்கூடிய புரோபை (ஒலியை அனுப்பிப் பெறும் அல்ட்ராசவுண்ட் கோலை) தேர்ந்தெடுங்கள். அது நுழைய 10 அல்லது 12 மி.மீ. துளை வேண்டும். அந்தத் துளையை எங்கே இடுவது என்பதை வெட்டும் கருவியை மட்டும் நினைத்துத் தீர்மானிக்காமல், புரோப் கல்லீரலின்மேல் படுக்கையாகப் படியுமா என்று பார்த்தும் தீர்மானியுங்கள். ஒரே துளையிலிருந்து எல்லாக் கூறுகளையும் பார்க்க முடியாது. தொப்புளருகே ஒன்று, வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒன்று என இரண்டு அகன்ற துளைகள் இருந்தால் புரோபை மாற்றி மாற்றி நுழைக்கலாம்.

புரோப் உள்ளே போனதும் முதல் வேலை திசையைச் சரிபார்ப்பது. ஒரு கருவியின் நுனியால் புரோபின் முன்முனையைத் தொடுங்கள். திரையின் எந்தப் பக்கத்தில் அசைவு தெரிகிறதோ அதுவே முன்முனை. அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, இடமும் வலமும் மாறிய படத்தைப் பார்த்துக்கொண்டு தவறான பக்கத்தில் கட்டியைத் தேடுவது எளிதில் நேரக்கூடியது. ஆழ அளவை முதலில் 6 முதல் 8 செ.மீ. வரை வைத்து முழுப் படத்தையும் பாருங்கள். பிறகு தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். கல்லீரலின் மேற்பரப்பு ஈரமாகவே இருப்பதால் ஜெல் தேவையில்லை. உறை போட்ட புரோபானால் உறைக்குள் ஜெல் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலியால் தேடுதல்

அறுவையின்போது அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தும் முறைக்கு முன்னோடிகளில் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி மகூச்சி. ஒரு கூறுக்குப் போகும் வாயிற்சிரைக் கிளையை அல்ட்ராசவுண்டால் கண்டுபிடித்து, அதில் நீலச் சாயத்தைச் செலுத்தி, அந்தக் கூறை மட்டும் நிறம் மாறச்செய்து அகற்றும் முறையை அவரும் அவருடைய குழுவினரும் 1980களில் விளக்கினார்கள். இன்று நாம் ஒளிரும் சாயத்தால் செய்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

தேடுதல் கட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் நிலத்தின் அமைப்பு, பிறகுதான் கட்டி. புரோபை நான்காம் கூறின் மேல், கல்லீரலை முன்வயிற்றுச் சுவரோடு இணைக்கும் ஃபால்சிஃபார்ம் தசைநாருக்குப் பக்கத்தில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால், மூன்று கல்லீரல் சிரைகளும் கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும் இடம் தெரியும். அங்கிருந்து வலது, நடு, இடது என ஒவ்வொரு சிரையையும் வேரிலிருந்து நுனிவரை கைவிடாமல் பின்தொடருங்கள். அடுத்து, குழாய்கள் உள்ளே நுழையும் கல்லீரல் வாயிலுக்கு வந்து வாயிற்சிரையைப் பிடித்து, இடது கிளையின் வழியாக இரண்டு, மூன்று, நான்காம் கூறுகளுக்கும், வலது முன்கிளையின் வழியாக ஐந்து, எட்டுக்கும், பின்கிளையின் வழியாக ஆறு, ஏழுக்கும் செல்லுங்கள். இரண்டு வகைக் குழாய்களையும் பிரித்தறிவது கடினமன்று. வாயிற்சிரைக் கிளைகளைத் தமனியோடும் பித்தநாளத்தோடும் சேர்த்து ஓர் உறை சூழ்ந்திருப்பதால், அவற்றின் சுவர் திரையில் பளிச்சென்ற வெண்கோடாகத் தெரியும். கல்லீரல் சிரைக்கு அத்தகைய விளிம்பு இராது, திசுவில் குடைந்த கருஞ்சால் போலத்தான் இருக்கும். ஐயம் எழுந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை இயக்குங்கள்: கல்லீரல் சிரையின் ஓட்டம் இதயத் துடிப்போடு ஏறி இறங்கும், வாயிற்சிரையின் ஓட்டம் ஏறக்குறைய ஒரே சீராகச் செல்லும். வயிற்றுக்குள் இருக்கும் வாயு அழுத்தத்தால் அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுவதும் உண்டு என்பதால், டாப்ளரை மட்டும் நம்பாமல் குழாயை வேர்வரை தொடர்ந்து போய் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அமைப்பு கைவந்த பிறகு, வயலில் சால் ஓட்டுவதுபோல் ஒரு சாலை அடுத்த சால் சற்றே தழுவிச் செல்லுமாறு கல்லீரல் முழுவதையும் புரோபால் வரிசையாகத் தடவுங்கள். சி.டி.யில் கட்டி இல்லாத கூறுகளையும் விட்டுவிடக் கூடாது. கையின் அழுத்தத்தில் கவனம் தேவை: பலமாக அழுத்தினால் மெல்லிய சிரைகள் நசுங்கித் திரையிலிருந்தே மறைந்துவிடும், அழுத்தாமல் விட்டால் இடையில் வாயு புகுந்து படம் கறுத்துவிடும். புரோப் தன் எடையில் படிந்திருக்கும் அளவே சரியானது. இந்த நிதானம் பல நாள் பழகினால்தான் கைக்கு வரும்.

சில இடங்களில் படம் ஏமாற்றும். மேலுறைக்கு மிக அருகில் உள்ள கட்டி, புரோபோடு ஒட்டிய சில மில்லிமீட்டர் தெளிவற்ற பகுதிக்குள் விழுந்து தெரியாமல் போகலாம். அப்போது உப்புநீரை ஊற்றி, நீரினூடே சற்று விலகி நின்று பாருங்கள், அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். கொழுப்பு மிகுந்த கல்லீரலில் ஒலி ஆழம்வரை போகாது. புரோபை மேலேயும் கீழேயும் மாற்றி வைத்து இருபுறமும் பார்க்க வேண்டியிருக்கும். வேதிச்சிகிச்சைக்குப் பின் கட்டியின் சாயலும் சுற்றியுள்ள திசுவின் சாயலும் ஒன்றாகிவிடலாம். அங்கே கட்டியைத் தேடாமல், இயல்பாகச் செல்ல வேண்டிய குழாய் எங்கே வளைந்து ஒதுங்குகிறது என்று தேடுங்கள். உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஏழாம் எட்டாம் கூறுகளைத் தசைநார்களை விடுவித்த பிறகு மறுபடியும் பார்த்தால்தான் பார்த்ததாகக் கொள்ள வேண்டும். நுண்குமிழி ஊசி மருந்தோடு அல்ட்ராசவுண்ட் எடுக்கும் வசதி இருக்குமிடங்களில், தயங்கவைக்கும் சிறு புள்ளிகளைத் தீர்மானிக்க அது பெரிதும் உதவும்.

எல்லையைக் குறித்தல்

ஏழாம் கூறில், வலது கல்லீரல் சிரையிலிருந்து 1 செ.மீ. தள்ளி, 2 செ.மீ. அகலமுள்ள ஒரு கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலது மடலைப் புரட்டியதும் புரோபை அதன்மேல் வைக்கிறோம். திரையில் சாம்பல் நிறத் திசுவின் நடுவே சற்றுக் கருமையான ஒரு வட்டம். அதன் இடப்பக்கம் கருஞ்சாலாக ஓடும் சிரை. வட்டத்தின் ஓரம் மேற்பரப்பில் எந்தப் புள்ளிக்கு நேராக வருகிறது என்று எப்படி அறிவது? மின்சூட்டுக் கருவியின் நுனியைப் புரோபுக்கும் கல்லீரலுக்கும் இடையில் மெல்ல நுழையுங்கள். உலோகத்தைத் தாண்டி ஒலி போக முடியாததால், திரையில் ஒரு கறுப்பு நிழல் மேலிருந்து கீழாக விழும். கருவியை நகர்த்த நகர்த்த நிழலும் நகரும். நிழல் கட்டியின் ஓரத்தைத் தொடும்போது கருவியை அசைக்காமல் பிடித்து, புரோபை மட்டும் விலக்கி, அந்த இடத்தில் ஒரு சூட்டுப்புள்ளி வையுங்கள். இப்படியே நான்கு திசைகளிலும் செய்துவிட்டு, அந்தப் புள்ளிகளுக்கு வெளியே தேவையான இடைவெளி விட்டு வெட்டுக்கோட்டை வரையுங்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு என்பது நோயைப் பொறுத்தது. பெருங்குடலிலிருந்து பரவிய கட்டிகளில் குறைந்தது 1 மி.மீ. நலமான திசு சுற்றிலும் கிடைக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் 1 மி.மீ. என்பது நோய்க்குறியியல் ஆய்வில் கிடைக்க வேண்டிய அளவு; அதையே குறியாக வைத்து அறுப்பது ஆபத்தானது. இடம் இருக்கும்போது 1 செ.மீ. விட்டுத் தொடங்குங்கள். கட்டியின் பக்கவாட்டு ஓரத்தைவிட அடியோரமே பெரும்பாலும் தவறிப்போகிறது. வெட்டு கீழே போகப் போகக் கருவி தன்னையறியாமல் உள்நோக்கிச் சாய்வதே அதற்குக் காரணம். எனவே, மேற்பரப்புக் குறிகளோடு சேர்த்துக் கட்டியின் அடிவிளிம்பு எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து, அந்த எண்ணை அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.

ஒளியால் எல்லை காணுதல்

இன்டோசயனின் கிரீன் புதியதன்று; அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு 1959-இலேயே ஒப்புதல் அளித்தது. ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் இச்சாயத்தைக் கல்லீரல் செல்கள் உறிஞ்சி, மாற்றம் எதுவும் செய்யாமல் பித்தத்தில் விட்டுவிடுகின்றன. சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் சுமார் 830 நானோமீட்டரில் ஒளிரும்; கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கேமரா பச்சையாகவோ நீலமாகவோ மாற்றிக் காட்டுகிறது. கல்லீரல் செயல்திறனை அளப்பதற்காக முன்பே செலுத்தப்பட்ட சாயம் புற்றுக்கட்டியில் தங்கி ஒளிர்வதை 2009-இல் இஷிசாவாவும் அவருடைய குழுவினரும் விவரித்தபோது, இது அறுவைக்கான கருவியாகப் பரவலாகக் கவனம் பெற்றது. கல்லீரல் செல்களிலிருந்தே தோன்றி, அவற்றின் இயல்பை இன்னும் இழக்காத புற்று சாயத்தை உறிஞ்சிக்கொண்டு பித்தத்தில் விட முடியாமல் முழுவதுமாக ஒளிரும். வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி ஒளிராது; ஆனால் அக்கட்டியால் நெருக்குண்ட சுற்றுத் திசுவில் சாயம் தேங்கி, கட்டியைச் சுற்றி ஒளிவளையம் தோன்றும். ஆனால் ஒளிர்வு 1 செ.மீ. ஆழத்துக்குள்தான் தெரியும் என்பதையும், சிரோசிஸ் உள்ள கல்லீரலில் தீங்கற்ற முடிச்சுகளும் ஒளிரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒளிரும் புள்ளி ஒவ்வொன்றையும் புற்று என்று கொண்டு வெட்டிக்கொண்டே போனால் நோயாளிக்குக் கல்லீரல் மிஞ்சாது.

கூறின் எல்லையைக் காண்பதில்தான் இந்தச் சாயத்தின் பயன் மிகுதி என்பது என் கருத்து. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அகற்ற வேண்டிய கூறின் வாயிற்சிரைக் கிளையிலேயே அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி குத்திச் சாயத்தைச் செலுத்தினால், அக்கூறு மட்டும் ஒளிரும். கேட்க எளிதாக இருந்தாலும், வயிற்றுச் சுவர் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி, மூச்சோடு அசையும் சில மில்லிமீட்டர்க் குழாயைக் குத்துவது கடினம். சற்று வேகமாக அழுத்தினாலும் சாயம் பின்னோக்கி வழிந்து பக்கத்துக் கூறுகளும் ஒளிர்ந்துவிடும். ஆகவே தொடக்கநிலையில் இருப்பவர்கள் மற்ற வழியையே கைக்கொள்வது நல்லது: அகற்ற வேண்டிய கூறுக்குப் போகும் குழாய்க்கற்றையை (ஒரே உறைக்குள் செல்லும் வாயிற்சிரைக் கிளை, தமனி, பித்தநாளம்) அடைத்துவிட்டு, சாயத்தைக் கைச்சிரை வழியாகச் செலுத்துவது. அப்போது மீதிக் கல்லீரல் முழுவதும் ஒளிரும், அகற்ற வேண்டிய பகுதி மட்டும் இருண்டு நிற்கும்.

இந்த இரண்டாம் முறையில் வாய்ப்பு ஒன்றுதான். தவறான கற்றையை அடைத்துவிட்டுச் சாயத்தைச் செலுத்தினால், ஒளிர்ந்துவிட்ட கல்லீரலைத் துடைத்து மறுபடி தொடங்க முடியாது. எனவே ஊசிக்கு முன் செய்ய வேண்டியவற்றை அவசரமின்றிச் செய்யுங்கள். கற்றையைச் சுற்றிப் பிரித்தெடுத்ததும் வெட்டிவிடாமல், திசுவைக் காயப்படுத்தாத சிறு கிளாம்பால் தற்காலிகமாக மட்டும் கவ்விப் பிடியுங்கள். டாப்ளரை இயக்கி, அகற்ற வேண்டிய கூறில் ஓட்டம் நின்றிருக்கிறதா, காக்கவேண்டிய பக்கத்துக் கூறுகளில் ஓட்டம் இருக்கிறதா என இரண்டையும் பாருங்கள். சற்றுக் காத்திருந்தால் மேற்பரப்பிலும் நிறம் மங்கத் தொடங்கும். மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே மயக்கவியல் மருத்துவரிடம் சாயத்தைக் கேளுங்கள். வழக்கமாக 2.5 மி.கி. அளவே போதும், உங்கள் நிறுவனத்தின் நெறிமுறையையும் மருந்தோடு வரும் குறிப்பையும் பின்பற்றுங்கள்.

சாயம் உள்ளே போனதும் அறையில் யாரும் பேசாமல் திரையைப் பார்க்கும் சில நொடிகள் வரும். முதலில் தமனிகள் மின்னும். பின்பு கல்லீரலின் மேல் பச்சை நிறம் பரவி, ஓரிடத்தில் வந்து கத்தியால் கீறியதுபோல் நின்றுவிடும். அந்தக் கோடு சீராக இருப்பதில்லை. வளைந்து நெளிந்து, சில இடங்களில் பக்கத்துக் கூறுக்குள் நாக்குபோல் நீண்டிருக்கும். புத்தகத்துப் படத்தில் இருக்கும் நேர்கோட்டை எதிர்பார்த்து அதைத் திருத்த முயலாமல், தெரியும் கோட்டின்மேலேயே சூட்டுப்புள்ளிகளை வையுங்கள். ரத்தம் நின்றதால் உண்டாகும் நிறமாற்றம் மேற்பரப்பில் மட்டுமே தெரியும். ஒளிர்வின் எல்லையோ வெட்டும் ஆழம்வரை கூடவே இறங்கிவரும். அறுத்துக்கொண்டே போகும்போது ஒருபக்கச் சுவர் பச்சையாகவும் மறுபக்கச் சுவர் இருட்டாகவும் இருந்தால் நீங்கள் சரியான தளத்தில் இருக்கிறீர்கள். இருபுறமும் பச்சையானால் மிஞ்ச வேண்டிய பகுதிக்குள் விலகியிருக்கிறீர்கள். இருபுறமும் இருண்டிருந்தால் அகற்ற வேண்டிய பகுதிக்குள் நுழைந்திருக்கிறீர்கள். ரத்தம் தேங்கிய இடத்தில் ஒளிர்வைப் பார்க்க முடியாது; கழுவி உறிஞ்சிய பிறகே பாருங்கள்.

அறுக்கும்போது

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயிற்சிரை வழியாக வருவது. எனவே ரத்தக்கசிவை அடக்கிவைக்காமல் எந்தப் படமும் தெளிவாகத் தெரியாது. மைய சிரை அழுத்தத்தை (இதயத்தையொட்டிய பெருஞ்சிரையின் அழுத்தத்தை) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருக்குமாறு மயக்கவியல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது திறந்த சிரைக்குள் வாயு புகும் அபாயமும் இருப்பதால், பெரிய சிரையை நெருங்கும் முன் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரிங்கிள் 1908-இல் விவரித்த முறைப்படி கல்லீரல் வாயிலை அடைக்கும் நாடாவை முன்பே சுற்றி வைத்து, தேவைப்பட்டால் 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் விடும் வழக்கத்தைப் பின்பற்றலாம். திறந்துவிடும் அந்த 5 நிமிடங்களை வீணாக்காமல் புரோபை உள்ளே விடுங்கள்; படம் பார்க்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

வெட்டு ஒவ்வொரு செ.மீ. இறங்கியதும் நின்று பார்க்க வேண்டும் என்பது நான் பழகுபவர்களுக்குச் சொல்லும் விதி. பிளந்த இரு ஓரங்களையும் மெல்லச் சேர்த்துப் பிடித்து, புரோபை வெட்டின் குறுக்கே வையுங்கள். பிளவுக்குள் சிக்கிய வாயு, திரையில் பளிச்சென்ற ஒரு வெண்கோடாகத் தெரியும். அதுதான் உங்கள் வெட்டு. அந்தக் கோட்டின் நுனியிலிருந்து கட்டியின் ஓரம்வரை அளவுக் குறியை வைத்து அளந்து பாருங்கள். நமது ஏழாம் கூறுக் கட்டியில், மேலே 12 மி.மீ. இருந்த இடைவெளி 3 செ.மீ. ஆழத்தில் 5 மி.மீ. எனக் காட்டினால், கருவி உள்நோக்கிச் சாய்ந்துவிட்டது என்று பொருள். அதே திசையில் தொடர்ந்து போனால் கட்டியைக் கீறிவிடுவீர்கள். கருவியின் திசையை வெளிப்புறமாகத் திருப்பி, அடுத்த அளவை வழக்கத்தைவிட முன்னதாகவே எடுங்கள். அதே படத்தில் வலது கல்லீரல் சிரை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்து, அதை வழித்துணையாக வைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். சிரையை ஒட்டி வேரிலிருந்து நுனி நோக்கிப் போனால் கிளைகளின் கவட்டில் கிழிசல் ஏற்படுவது குறையும்.

கட்டியை அகற்றாமல் ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் ஊசியால் சுட்டழிப்பதாயின், சூட்டில் எழும் குமிழிகள் திரையில் வெண்மேகம்போல் மூடி அடியில் இருப்பதை மறைத்துவிடும். ஆகையால் ஆழமான பகுதியை முதலிலும் மேலானதைப் பிறகும் சுட வேண்டும். அந்த மேகத்தின் அளவை வெந்த பகுதியின் அளவாகக் கொள்ளக் கூடாது.

முன்னர் எடுத்த சி.டி.யின் முப்பரிமாண உருவைக் கேமராப் படத்தின்மேல் படியவைத்துக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. திட்டமிடவும் கற்பிக்கவும் அவை அருமையானவை. ஆனால் புரட்டப்பட்ட கல்லீரல் நெளிந்த அளவுக்கு அந்த உருவமும் நெளிந்து கொடுக்க வேண்டும். அது இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. மேலே படிந்த உருவம் ஒன்றைச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் வேறொன்றைச் சொன்னால், அந்த நொடியில் கிடக்கும் கல்லீரலைக் காட்டுவது அல்ட்ராசவுண்ட்தான்.

படங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது அறுப்பதை நிறுத்துங்கள். ஒளிர்வு ஓர் எல்லையையும் டாப்ளர் வேறோர் எல்லையையும் காட்டினாலோ, காலையில் பார்த்த சிரை இப்போது காணவில்லை என்றாலோ, புரோபை எடுத்துக் கல்லீரல் வாயிலிலிருந்து மறுபடி தொடர்ந்து வாருங்கள். அப்படியும் தெளிவு கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வதற்கு மாறிவிட வேண்டும். அந்த முடிவை எடுக்கத் தயங்காதவரிடமே நான் ஒரு நோயாளியை ஒப்படைப்பேன்.

பழகுவது எப்படி

கடினமான கல்லீரல் அறுவை வரும் நாளில் முதன்முறையாகப் புரோபைத் தொடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. வயிற்றைத் திறந்து செய்யும் கல்லீரல் அறுவைகளில், கையால் தொட்டுணர்ந்ததையும் திரையில் தெரிவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் அங்கேதான் தொடங்க வேண்டும். வழிகாட்டும் மருத்துவரும் உரிய ஒப்புதலும் இருக்குமிடத்தில், பித்தப்பை அறுவைகளின்போது சில நிமிடம் ஒதுக்கி மூன்று சிரைகளையும் வாயிற்சிரைக் கிளைகளையும் தொடர்ந்து பாருங்கள். பார்த்ததை உடனே வரைந்து, சி.டி.யோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன்

அகற்றிய பகுதியைப் பையில் இட்டு வெளியே எடுத்ததும், உப்புநீர்க் கிண்ணத்தில் மூழ்கவைத்து அதன்மேல் புரோபை வையுங்கள். கட்டி முழுவதும் உள்ளே இருக்கிறதா, சுற்றிலும் எத்தனை மி.மீ. திசு இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறதோ அங்கே ஒரு தையல் குறியிட்டு நோய்க்குறியியல் மருத்துவருக்கு அனுப்புங்கள். ஓரம் போதவில்லை எனத் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே திரும்பிச் சென்று அந்த இடத்தை இன்னும் சற்று எடுத்துவிட முடியும். அடுத்து, மிஞ்சிய கல்லீரலில் புரோபை வைத்து, வாயிற்சிரையின் உள்ளோட்டத்தையும் கல்லீரல் சிரையின் வெளியோட்டத்தையும் டாப்ளரில் உறுதிசெய்யுங்கள். புரட்டியிருந்த கல்லீரலை அதன் இடத்தில் திரும்ப வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முறுக்கிக்கொண்டிருக்கும் நிலையில் சிரையின் ஓட்டம் குறைவாகக் காட்டி வீண் கலக்கம் தரும். வெட்டுமுகத்தை நன்றாகக் கழுவி, வெள்ளைத் துணியால் ஒற்றி, அந்தத் துணியையும் வெட்டுமுகத்தையும் ஒளிர்வுக் கேமராவால் பாருங்கள். சாயம் பித்தத்தில்தான் வெளியேறுகிறது என்பதால், கசியும் சிறு பித்தநாளம் ஒன்று இருந்தால் துணியில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். அந்த இடத்தைத் தேடி ஒரு தையல் போட்டுவிட்டு, மறுபடியும் கழுவி, புதிய துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி வெறுமையாக இருந்தால், படங்களையும் அளவுகளையும் நோயாளியின் பதிவில் சேமித்துவிட்டு வாயுவை வெளியேற்றலாம்.